நாய், பூனை மூத்திரக் கறையும் நெடியும்: எந்த அறிகுறிக்கு எந்த வீட்டு மருந்து

சித்திரை வெயிலில் துடைத்துக் காயவிட்ட இடம் ஐப்பசியின் முதல் மழைக்கு மறுபடியும் நாறத் தொடங்கும். மதுரையில் நாயோ பூனையோ வளர்க்கும் வீடுகளில் இது தெரியாதவர்கள் குறைவு. "ஃபினாயில் போட்டுத்தானே துடைத்தேன்" என்பார்கள். போட்டிருப்பார்கள். ஃபினாயில் தன் வாசனையை மேலே பரப்பியதே தவிர, அடியில் இருந்ததை எடுக்கவில்லை. கோடையில் காய்ந்து கிடந்த மூத்திர உப்பு, மழைக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு திரும்ப நெடியைக் கிளப்புகிறது.

வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்தே இதைச் சரிசெய்ய முடியும். ஆனால் எந்த நாற்றம், எந்தத் தரை என்று பார்த்துப் பொருளை எடுக்க வேண்டும். வினிகர், ஆப்ப சோடா, எலுமிச்சை எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கலந்து ஊற்றினால் பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும், வேலை நடக்காது. அமிலமும் சோடாவும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு, உப்புத் தண்ணீரை மட்டும் மிச்சம் வைக்கும்.

மூத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், அப்புறம் யூரியா, உப்புகள். யூரியாவுக்குப் பெரிய வாடை கிடையாது. தரையில் உள்ள பாக்டீரியா அதை உடைத்து அம்மோனியாவாக்கும்போதுதான் கண்ணைக் கரிக்கும் காரநெடி வருகிறது. பூனை மூத்திரத்தில் இதோடு ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த பொருளும் உண்டு. காயடிக்காத கடுவன் பூனையிடம் இது கூடுதல். இது மெல்ல மெல்ல உடைந்துதான் நாறும். அதனால் பூனை போன இடம் முதல் நாளைவிட மூன்றாம் நாள் மோசமாக இருக்கும். அம்மோனியாவை வினிகர் போன்ற அமிலம் அடக்கும். கந்தக நெடியை அமிலம் அடக்காது. அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போல ஆக்சிஜன் ஏற்றும் பொருள் வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

கை வைக்கும் முன்

தரை எது என்று பாருங்கள். மார்பிள், கடப்பாக்கல், மொசைக், பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரை, ஆத்தங்குடி டைல்ஸ், வெறும் சிமெண்ட் தரை: இவற்றில் வினிகரும் எலுமிச்சையும் படவே கூடாது. இவற்றில் உள்ள சுண்ணாம்புச் சத்தை அமிலம் அரித்துவிடும். விட்ரிஃபைடு டைல்ஸ், செராமிக் டைல்ஸ் என்றால் பயமில்லை. ஆனால் டைல்ஸ் இடுக்குகளில் பூசியிருப்பது சிமெண்ட்தான். அங்கே வினிகரை அதிக நேரம் ஊறவிடாமல் போட்டு அலசி எடுத்துவிட வேண்டும்.

எல்லாத் தரைக்கும் ஒத்துவருவது பூந்திக்கொட்டைத் தண்ணீர். மாசி வீதிகளில் உள்ள நாட்டு மருந்துக் கடை எதில் கேட்டாலும் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு கொட்டையின் விதையை எடுத்துவிட்டு, தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். நம் ஊரில் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் சோப்பு நுரைக்காது, திரிந்துபோய் தரையில் வெள்ளையாக ஒட்டும். பூந்திக்கொட்டையில் அந்தத் தொல்லை இல்லை. வெளியே வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். குழந்தையோ பூனையோ தொடாத இடத்தில் வையுங்கள், கண்ணில் பட்டால் எரியும்.

கலக்கக் கூடாதவை மூன்று. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போடாதீர்கள். அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் என்ற நச்சு ஆவி வரும். பிளீச்சிங் பவுடரோடு வினிகர், எலுமிச்சை, கக்கூஸ் ஆசிட் எதையும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் மூச்சடைத்துவிடும். பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் ஊற்றாதீர்கள். தோலை அரிக்கும் அமிலம் உண்டாகும்.

ஃபினாயிலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபீனால் வகைப் பொருள்களை உடலிலிருந்து கழிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும். தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினி எதுவாக இருந்தாலும், பூனை நடமாடும் தரையில் வேண்டாம். அந்துருண்டை, கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் ஆகியவற்றுக்கும் இதே கண்டிப்புதான். நாய்க்கும் இவை ஆகாது.

இப்போதுதான் போனது, தரை ஈரமாக இருக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் சுலபமானது. அவசரத்தில் மாப்பை எடுத்து இழுத்துவிடுவதால்தான் இது கடினமாகிறது. மாப் அதை அறை முழுக்கப் பரப்பும். அதே மாப் நாளைக்குச் சமையலறைக்கும் போகும்.

பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து மேலே வைத்துக் காலால் மிதியுங்கள். தேய்க்க வேண்டாம், அழுத்தி ஒற்றினால் போதும். துணியில் ஈரம் ஏறாமல் போகும் வரை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். அப்புறம் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி மறுபடி ஒற்றுங்கள். கடைசியில் பூந்திக்கொட்டைத் தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசி, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். உடனே செய்தால் வினிகர்கூடத் தேவைப்படாது.

வெந்நீர் ஊற்றாதீர்கள். சூடு பட்டால் மூத்திரத்தில் உள்ள புரதம் துணியிலும் நாரிலும் பிடித்துக்கொள்ளும், நெடியும் குப்பென்று ஏறும். கையில் உறை போட்டுக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் கையில் வெடிப்போ புண்ணோ இருந்தால் உறையும், காலில் இருந்தால் மூடிய செருப்பும் கட்டாயம் போட வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி நாய் மூத்திரத்திலும் வரும்.

டைல்ஸைத் துடைத்தாயிற்று, காய்ந்ததும் மறுபடி நெடி

டைல்ஸ் சுத்தமாகத்தான் இருக்கும். நெடி இடுக்கில் இருக்கிறது, அல்லது சுவரோடு ஓடும் ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னால். நாய் காலைத் தூக்கி அடிப்பது மூலையில். அது வழிந்து இறங்குவது அந்த இடைவெளிக்குள்.

வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, இடுக்கில் மட்டும் விழும்படி ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் போதும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, தண்ணீர் விட்டு அலசி எடுங்கள். இந்த அலசலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வினிகர் அம்மோனியாவை மறையச் செய்யவில்லை. வாடையில்லாத உப்பாக மாற்றி அங்கேயே வைத்திருக்கிறது. அந்த உப்பைத் தண்ணீரோடு வெளியே எடுக்காவிட்டால், பிறகு சோடாவோ சோப்புத் தூளோ பட்டதும் அம்மோனியா மறுபடி கிளம்பும். வினிகர் போட்ட உடனே ஆப்ப சோடாவைத் தூவுகிறவர்கள் தாங்கள் செய்த வேலையைத் தாங்களே அழிக்கிறார்கள்.

அலசிக் காய்ந்த பிறகு, மிச்ச வாடைக்கு ஆப்ப சோடாவை இடுக்கோரம் தூவி இரவு விட்டு, காலையில் கூட்டி எடுக்கலாம். நாய் வீடு என்றால் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

பூனை வீடு என்றால் முடியாது. மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதக் கரைசலாகக் கிடைக்கும். பாட்டிலில் 20 வால்யூம் என்றும் போட்டிருக்கும். அதில் சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம். வினிகரை நன்றாக அலசி எடுத்து, இடம் காய்ந்த பிறகுதான் இதை ஊற்ற வேண்டும். ஊற்றி இருபது நிமிடம் விட்டு, ஒற்றி எடுங்கள். இது இயற்கைப் பொருளா என்று கேட்பவர்களுக்கு: வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், வேறு எதுவும் மிஞ்சாது. பழைய பூனை நெடிக்கு இதைவிட நல்ல பொருளை நான் வீட்டுச் சரக்கில் காணவில்லை.

பயோ என்சைம் ஊற்றியும் போகவில்லை

எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் போட்டு ஊறவைக்கும் பயோ என்சைம் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும். அலங்காநல்லூர்ப் பக்கத்து வெல்லமும் சந்தை எலுமிச்சையும் நமக்குக் குறைவில்லாமல் கிடைப்பதால், வீணாகும் தோலுக்கு இது நல்ல வழிதான். தரை துடைக்கவும் நன்றாக இருக்கும்.

ஆனால் பெயரை வைத்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மூன்று மாதம் புளித்த பிறகு அதில் முக்கியமாக இருப்பது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருப்பதே. அதனால் வினிகர் என்ன செய்யுமோ அதைத்தான் செய்யும்: அம்மோனியாவை அடக்கும். பூனையின் கந்தக நெடியைத் தொடாது. வினிகர் ஆகாத தரைக்கு இதுவும் ஆகாது. இயற்கையானது என்று நம்பி மார்பிளில் ஊற்றினால் பளபளப்பு போய்விடும். கடைகளில் செல்லப் பிராணிகளுக்கென்றே விற்கும் என்சைம் கிளீனர் வேறு ரகம். புரதத்தையும் யூரியாவையும் உடைக்கும் என்சைமை, அல்லது அவற்றைத் தின்னும் பாக்டீரியாவை, தேர்ந்தெடுத்துச் சேர்த்திருப்பார்கள். சோபாவுக்குள் இறங்கிவிட்ட பழைய பூனை மூத்திரத்துக்கு அதை ஒரு பாட்டில் வாங்குவதே நல்லது. வாங்கினால் வினிகர், பிளீச்சிங் எதுவும் முன்னால் போடாதீர்கள், என்சைம் செத்துவிடும். போட்ட இடம் சீக்கிரம் காயாமல் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள்.

சாம்பல் போட்டதும், அல்லது வெள்ளையடித்ததும், நெடி ஏறிவிட்டது

கிராமத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய வழக்கம். மலத்தின் மேல் தூவினால் நல்லது. ஈரத்தை உறிஞ்சும், ஈ மொய்க்காது, மறுநாள் அள்ளுவதும் சுலபம். மூத்திரத்தின் மேல் தூவினால் எதிர்மாறாக நடக்கும். சாம்பல் காரம். காரம் பட்டதும், உப்பாக அடங்கிக் கிடந்த அம்மோனியா விடுபட்டு மேலே வரும். சலவை சோடாவும் இதையேதான் செய்யும். பொங்கலுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடித்ததும் மூலையில் திடீரென்று நெடி கிளம்புவதற்கும் காரணம் இதுதான். சுவரில் பழைய மூத்திரம் ஊறியிருந்திருக்கிறது.

சாம்பலைக் கூட்டி அள்ளி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சுவர் என்றால், வெள்ளையடிக்கும் முன்பே அந்த இடத்துச் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் அடித்துக் காயவைத்துவிட்டு அடிக்க வேண்டும். ஏற்கெனவே அடித்தாயிற்றா? ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெளிவரும் அம்மோனியா சில நாளில் போய்ச் சேர்ந்துவிடும். ஊறல் ஆழமாக இருந்தால் மட்டும் மறுபடி சுரண்ட வேண்டியிருக்கும்.

நெடியை உறிஞ்சச் சாம்பலைவிடக் கரி நல்லது. இஸ்திரி போடும் கரியைத் துண்டாக உடைத்து மெல்லிய துணியில் கட்டி, கட்டிலுக்கு அடியிலும் அலமாரியிலும் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்துத் திரும்ப வைக்கலாம். சுத்தம் செய்த பிறகு மிஞ்சும் வாடைக்குத்தான் இது. கறை இருக்கும்போது கரி வைப்பதும் சாம்பிராணி போடுவதும் ஒன்றுதான்.

தரையில் வெள்ளைத் திட்டு

இரண்டு காரணம் இருக்கலாம், வைத்தியமும் வேறு. திட்டின் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். விரலால் தேய்த்தால் கரைகிற மாதிரி இருந்து, துடைத்த பிறகு மெலிந்தால் அது உப்பு, மூத்திரத்தினுடையதோ போர்த் தண்ணீரினுடையதோ. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டுவைத்துத் துடைக்கவும். கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் நல்ல தண்ணீரையோ குடிதண்ணீரையோ பயன்படுத்தவும்.

தண்ணீர் பட்டதும் மறைந்து, காய்ந்ததும் அதே உருவத்தில் வந்து, நகத்தால் தடவினால் சொரசொரவென்று இருந்தால் அது கறை இல்லை. கல்லே அரித்திருக்கிறது. யாரோ எலுமிச்சையோ ஆசிட்டோ போட்டிருக்கிறார்கள். இதை எந்த வீட்டு மருந்தும் சரிசெய்யாது. மேலும் தேய்த்தால் பெரிதாகும். மார்பிளையும் மொசைக்கையும் பாலீஷ் போடும் ஆளைக் கூப்பிட்டுத்தான் சரிபண்ண வேண்டும். சிவப்பு ஆக்சைடு தரை என்றால், நன்றாகக் காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெயைத் துணியில் சில சொட்டு விட்டு அழுத்தித் தேய்த்து, வேறு துணியால் துடைத்து எடுங்கள். வெளுப்பு குறையும், பளபளப்பும் ஓரளவு திரும்பும். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கவனம்.

நாற்றம் இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை

கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கைக் கைவிளக்காகவே விற்கிறார்கள். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, தரையையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் நிதானமாகப் பாருங்கள். காய்ந்த மூத்திரம் மங்கிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். சோப்புத் தூளும் ஒளிரும். அது நீலமாகத் தெரியும். கண்ட இடத்தைச் சாக்பீஸால் சுற்றி வரைந்துவிட்டு விளக்கைப் போடுங்கள். பெரும்பாலும் நீங்கள் துடைத்த வட்டத்தைவிட உண்மையான வட்டம் பெரிதாக இருக்கும்.

விளக்கு இல்லாவிட்டால், சாயங்காலம் தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்து, கதவு ஜன்னலைக் கால் மணி நேரம் மூடிவைத்துவிட்டு உள்ளே வாருங்கள். முழங்காலிட்டு, மூக்கைத் தரைக்குக் கிட்டே கொண்டுபோய் மூலை மூலையாகப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டு மோந்தால் எல்லா இடமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

மெத்தை, சோபா, பாய்

மெத்தையில் மேலே ஒரு உள்ளங்கை அளவு தெரிந்தால் உள்ளே அதைவிட அகலமாக இறங்கியிருக்கும். ஆகவே மேலே தெளிப்பது போதாது. ஒற்ற முடிந்த வரை ஒற்றிவிட்டு, பாதிக்குப் பாதி வினிகர்த் தண்ணீரை, மூத்திரம் எவ்வளவு ஆழம் போயிருக்குமோ அவ்வளவு ஆழம் போகும்படி ஊற்றி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஒற்ற வேண்டும். பிறகு வெறும் தண்ணீர், பிறகு ஒற்றல். சலிப்பான வேலைதான், ஆனால் குறுக்கு வழி இல்லை. வெள்ளைத் துணி போர்த்திய மெத்தை என்றால், நன்றாகக் காய்ந்த பிறகு 3 சதவீதப் பெராக்சைடு ஒரு டம்ளரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் சேர்த்து, உடனே தடவலாம். மிச்சத்தை மூடி வைக்காதீர்கள். வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். நிறத் துணியில் இது வெளுத்துவிடும்.

இலவம்பஞ்சு மெத்தைக்குத் தண்ணீர் ஊற்றும் வைத்தியமே வேண்டாம். நனைந்த பஞ்சு கட்டியாகி உள்ளேயே புழுங்கும். தையலைப் பிரித்து, நனைந்த பஞ்சை மட்டும் எடுத்து வெயிலில் உதிர்த்துக் காயப்போடுங்கள். உறையைத் தனியே துவையுங்கள். நாறும் பஞ்சைத் திரும்ப அடைப்பதைவிட அந்த அளவுக்குப் புதுப் பஞ்சு வாங்குவது நல்லது. நம் வெயில் இந்த வேலையில் பாதியைச் செய்துவிடும். மதியம் முழுக்க மொட்டை மாடியில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டால் ஈரமும் போகும், நெடியும் தளரும்.

கோரைப்பாயைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் துடைத்து, சுருட்டாமல் நிறுத்திக் காயவையுங்கள். ஊறவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

சுங்குடிச் சேலையிலும் பட்டிலும்

கொடியிலிருந்து இழுத்துப் போட்ட துணிமேல் படுப்பதும் அதன்மேல் போவதும் பூனையின் குணம். சுங்குடி என்றால் முதலில் சாயம் பாருங்கள். ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்துங்கள்; நிறம் ஏறினால் தனியாகத்தான் அலச வேண்டும். பச்சைத் தண்ணீரில் உடனே அலசி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கி, கடைசி வாளியில் இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டு, மறுபடி வெறும் தண்ணீரில் எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். பெராக்சைடு வேண்டாம், முடிச்சுக்கட்டிய வெள்ளைப் புள்ளியைச் சுற்றி நிறம் திட்டுத் திட்டாகப் போய்விடும்.

பட்டுக்குச் சோடா ஆகாது. காரம் பட்டு இழையைப் பலவீனமாக்கும். பூந்திக்கொட்டையும் நல்ல தண்ணீரும் மட்டுமே. சரிகையில் பட்டிருந்தால் அலசும் வேலையை வீட்டில் செய்யாமல் பட்டுக்கென்றே இருக்கும் சலவைக்காரரிடம் கொடுங்கள்.

கதவு, வண்டிச் சக்கரம், துளசி மாடம்: நிற்கும் பொருள்களில் தெறிப்பு

இது ஒதுங்குவது இல்லை, எல்லை குறிப்பது. கடுவன் பூனை வாலை நிமிர்த்திப் பின்பக்கமாகத் தெறிக்கும். அளவு கொஞ்சம், நெடி பயங்கரம். மேலிருந்து கீழாக வழிந்திருப்பதை முழுக்கக் கழுவ வேண்டும், தெரியும் சொட்டை மட்டும் துடைத்தால் போதாது. இரும்புக் கதவையும் சக்கர ரிம்மையும் கழுவிய பிறகு வினிகர் தங்காமல் அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் துருவும் கறுப்பும் வரும். துளசி மாடத்தின் மேல் வினிகர் வேண்டாம், சிமெண்டுக்கும் ஆகாது, வேருக்கும் ஆகாது. தண்ணீரை வேர்ப்பக்கம் போகாமல் சாய்த்து ஊற்றிக் கழுவினால் போதும்.

காயடித்தால் பெரும்பாலான கடுவன்கள் தெறிப்பதை நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். எந்த வீட்டு மருந்தும் தராத தீர்வு இது.

வாசலில் தெருநாய் வருகிறது என்று நீலத் தண்ணீர் பாட்டில் கட்டுகிறார்கள். பாட்டில் நாயை ஒன்றும் செய்வதில்லை. முன்னால் வந்த நாயின் நெடி அங்கே இருக்கிற வரை அடுத்த நாய் வந்து தன்னுடையதைச் சேர்க்கும். தினமும் காலை வாசல் தெளிக்கும்போது அந்த மூலையையும் தேய்த்துக் கழுவுங்கள், வரவு குறையும். மிளகாய்த் தூள் தூவுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கண்ணும் பாதமும் வெந்து அந்த உயிர் படும் பாடு சகிக்க முடியாதது. இன்னொன்று: குப்பைமேனிச் செடியை வேரோடு பிடுங்கி வாசலிலேயே போட்டுவிட்டால் அந்த வேர் வாசத்துக்குப் பூனைகள் கூடிப் புரளும். பிடுங்கினால் உடனே அப்புறப்படுத்துங்கள்.

சுத்தம் செய்தும் அதே இடத்தில் போகிறது

உங்கள் மூக்குக்கு வாடை போனாலும் அதன் மூக்குக்குப் போகவில்லை என்பது முதல் சந்தேகம். ஊதா விளக்கில் பார்த்து மறுபடி எடுங்கள். அம்மோனியா கலந்த கிளீனர் எதுவும் போட்டிருந்தால் நிறுத்துங்கள். அது அந்த இடத்தை மூத்திரம் போலவே வாடையடிக்க வைக்கும்.

பிறகு காரணத்தைப் பாருங்கள். பூனைக்கு மண் தொட்டி எத்தனை, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை அள்ளுகிறீர்கள்? பூனை ஒன்றென்றால் தொட்டி இரண்டு. எப்போதும் பூனையைவிட ஒன்று கூடுதல். தினமும் அள்ள வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அள்ளக் கூடாது. பூனை மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா கருவைப் பாதிக்கும். நாய் தீபாவளிப் பட்டாசுக்கும் திருவிழா அதிர்வேட்டுக்கும் பயந்து போயிருந்தால், அதட்டுவது பயத்தைக் கூட்டி இன்னும் போகவைக்கும். உள்ளறையில், ஜன்னல் மூடி, பழகிய துணியோடு இருக்கவிடுங்கள். இரண்டு மாதக் குட்டி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்காது. அதன் முகத்தை மூத்திரத்தில் அழுத்துவது அதற்கு எதையும் கற்றுத்தராது, உங்களைக் கண்டால் ஒளிந்து போகத்தான் கற்றுக்கொள்ளும்.

வாந்தி, பேதி, ரத்தம்

வாந்தி அமிலம், ஆகவே இங்கே சோடாதான் முதலில். அள்ளிவிட்டு ஆப்ப சோடா தூவி, காய்ந்ததும் கூட்டி, பூந்திக்கொட்டைத் தண்ணீரால் துடையுங்கள். பேதியை அட்டையால் வழித்தெடுத்து, பச்சைத் தண்ணீர் மட்டும் விடுங்கள். ரத்தக் கறைக்கும் பச்சைத் தண்ணீர்தான். வெள்ளைத் துணியென்றால் பெராக்சைடு.

குட்டி நாய்க்கு ரத்தம் கலந்த பேதியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். இங்கே வினிகர், சோடா, வேப்பிலை எதுவும் பயன்படாது. அந்த வைரஸ் மாதக்கணக்கில் தரையில் உயிரோடு இருக்கும். குட்டியை உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தரையைச் சோப்புப் போட்டு முழுக்கக் கழுவி அலசிய பிறகு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். இயற்கைப் பொருளை விட்டு விலக வேண்டிய இடம் இது.

கறையே இல்லை, வாடை நாயோடு நடக்கிறது

மீன் கவுச்சி போல அடித்து, நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து இழுத்தால், ஆசனவாய்ச் சுரப்பி அடைத்திருக்கிறது. காதுப் பக்கம் புளித்த வாடையடித்து, அடிக்கடி தலையை உதறினால் காதில் பூஞ்சைத் தொற்று இருக்கலாம். இரண்டுக்கும் தரையைத் துடைத்துப் பயனில்லை, வினிகரைக் காதில் விடவும் கூடாது. மருத்துவர் பார்க்க வேண்டும்.

போகும் விதமே மாறியிருக்கிறது

ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து நிறையப் போனால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போவது, ரத்தம் கலந்து போவது, போகும்போது முனகுவது எல்லாம் மூத்திரப்பைப் பிரச்சினையின் அடையாளம். ஆண் பூனை மண் தொட்டியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டும் வராவிட்டால் அது அடைப்பு. ஓரிரு நாளில் உயிரே போகும். விடியட்டும் என்று காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். கடைசியாக எப்போது போனது, எவ்வளவு, என்ன நிறம், என்ன சாப்பிட்டது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு முன்பே தரையில் கிடந்ததைத் துடைத்துவிடாமல் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.